மிஞ்சிய மரம்: பென்சில்வேனிய ரைஃபிளின் கட்டைச் செதுக்கலும் கற்போர் பிழையும்

முன்னுரை

கைவினை வரலாற்றை எழுதுவோர் ஆசான்களின் தேர்ந்த படைப்புகளையே சான்றாகக் கொள்வது வழக்கம். கற்றுக்கொள்பவன் முதன்முதலாகச் செய்து பார்த்த பொருள், குறையுடையது என்னும் காரணத்தால் ஆய்வுக்கு வெளியே நின்றுவிடுகின்றது. ஏட்டுச்சுவடிப் பதிப்பில் இந்நிலை இல்லை. ஏடெழுதியவர் செய்த பிழையைப் பதிப்பாசிரியர் வெறும் பிழையெனத் தள்ளுவதில்லை. எந்த எழுத்தை எந்த எழுத்தாகக் கண் மயங்கிற்று, மூல ஏடு எத்தகையது என்பவற்றை அப்பிழையே அவருக்குக் காட்டிக்கொடுக்கின்றது. இதே நோக்கைக் கைவினைப் பொருளுக்கும் பொருத்தலாமா என்னும் வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படை. வாய்ப்புறமாக மருந்து கெட்டிக்கும் அமெரிக்க ரைஃபிளின் மரக்கட்டையை இருபதாம் நூற்றாண்டில் ஆசானின்றிச் செதுக்கக் கற்ற தொடக்கநிலையாளர்கள், மீண்டும் மீண்டும் செய்த ஒரு பிழை இங்கு ஆராயப்படுகின்றது. மரத்தை வேண்டியதற்கு மேல் மிச்சம் வைத்துவிடுவது அப்பிழை.

குழல், பொறி, கட்டை

வாய்ப்புறம் கெட்டிக்கும் துப்பாக்கி மூன்று உறுப்புகளால் ஆனது. மருந்தும் குண்டும் தங்கும் இரும்புக்குழல் ஒன்று. சிக்கிமுக்கிக்கல்லை எஃகில் மோதச் செய்து பொறி எழுப்பி, பற்றுவாய் என்னும் சிறு துளை வழியாக மருந்துக்குத் தீயூட்டும் விசைப்பொறி மற்றொன்று. இவ்விரண்டையும் தாங்கித் தோளுக்கும் கைக்கும் இசைவிக்கும் மரக்கட்டை மூன்றாவது. ஆங்கிலத்தில் 'ஒன்றுவிடாமல் முழுவதும்' என்பதைச் சொல்ல இம்மூன்றன் பெயர்களையும் அடுக்கிக் கூறும் மரபுத்தொடர் உண்டு. குழலின் உட்புறத்தில் சுருள்வரிகள் வெட்டப்பட்டிருப்பின் அது ரைஃபிள் ஆகும். அவ்வரிகள் குண்டைச் சுழலச் செய்து நேராகச் செலுத்துகின்றன.

கட்டையிலும் பகுதிகள் உண்டு. குழலின் கீழ் நீண்டு செல்வது முன்கட்டை. தோளில் அழுந்தும் பகுதி அடிக்கட்டை. இரண்டிற்கும் இடையே கை பற்றிக்கொள்ளும் ஒடுங்கிய இடத்தைக் கழுத்து என இக்கட்டுரை குறிக்கின்றது. கழுத்தில் மரத்தின் நார் ஓட்டம் குறுக்கே வெட்டுப்பட்டால் சுடும்போது கட்டை அங்கே முறியும். ஆகவே பலகை தேர்வு செய்யும்போதே கழுத்து எங்கே அமையும் என்பதைக் கண்டு அதற்கேற்பவே மரம் கொள்வர்.

ஐரோப்பாவில் இம்மூன்று உறுப்புகளும் மூன்று தொழில்களாகவே இயங்கின. ஜெர்மனியின் துரிங்கியப் பகுதியில் சூல், செல்லா ஆகிய ஊர்களில் குழல் அடிப்போர், பொறி செய்வோர், கட்டை செதுக்குவோர் என்னும் தொழிற்பிரிவு நிலவியது. செல்லாவில் 1718ஆம் ஆண்டு பிறந்த ஆண்ட்ரியாஸ் ஆல்பிரெக்ட் கட்டை செதுக்கும் தொழிலராகவே ஆவணங்களில் அறியப்படுகின்றார். மொராவியச் சகோதரர் சபையில் இணைந்த அவர் 1750இல் அமெரிக்கா சென்றார். பென்சில்வேனியாவில் நாசரேத் ஊரை அடுத்த கிறிஸ்டியன்ஸ் ஸ்பிரிங் என்னும் மொராவியக் குடியிருப்பில் 1763இல் துப்பாக்கிப் பட்டறை எழுந்தது. அங்கு அவர் ஆசானாக விளங்கினார். அவரிடம் பயின்ற கிறிஸ்டியன் ஏர்ட்டர் 1766இல் பட்டறைப் பொறுப்பை ஏற்று, முப்பது வயதை எட்டாமலேயே 1777இல் மறைந்தார். 1774, 1775ஆம் ஆண்டுகளைப் பொறித்து அவர் செய்த ரைஃபிள்கள் இன்றும் எஞ்சியுள்ளன.

இச்சபையைத் தமிழ் ஆய்வாளர் அறியாதவரல்லர். கிறிஸ்டியன்ஸ் ஸ்பிரிங் பட்டறை எழுவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1760இல், இதே மொராவியச் சகோதரர்கள் தரங்கம்பாடிக்கு வந்து 'சகோதரர் தோட்டம்' என்னும் குடியிருப்பை அமைத்தனர். கைத்தொழிலால் வாழ்ந்துகொண்டே சமயப்பணி ஆற்றுவது அச்சபையின் முறை. பென்சில்வேனியாவில் துப்பாக்கிக் கட்டை செதுக்கியதும் அம்முறையின் ஒரு கூறே. சபையினர் ஒவ்வொருவரும் தம் வாழ்க்கைக் குறிப்பை எழுதிவைப்பதும் அது அடக்கத்தின்போது படிக்கப்பெறுவதும் மரபு. இதனால் பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்கத் துப்பாக்கித் தொழிலர்களுள் மொராவியரைப் பற்றியே நாம் மிகுதியாக அறிகின்றோம். ஆயினும் அக்குறிப்புகளில் முதன்மை பெறுவது ஆன்ம வரலாறு. உளியை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு மரம் எடுப்பது என்பவற்றை அவற்றில் தேடிப் பயனில்லை.

எழுதப்பெறாத கலை

கட்டை செதுக்கும் தொழில் பற்றி அக்காலத்தில் எழுத்தே இல்லை எனக் கூறுதலும் பொருந்தாது. பிரான்சில் திதெரோ பதிப்பித்த கலைக்களஞ்சியத்தின் படத்தொகுதியில் (1762) துப்பாக்கித் தொழிலரின் பட்டறையும் கருவிகளும் செம்மையாக வரையப்பட்டுள்ளன. உளி இன்னது, அரம் இன்னது என அறிய அது போதும். கை எங்கே நிற்கவேண்டும் என்பதை அறிய அது போதாது. பென்சில்வேனியாவில் தொழில் பழகும் சிறுவன் ஏறத்தாழ 14 வயதில் ஒப்பந்தப் பத்திரத்துடன் ஆசான் வீட்டில் சேர்ந்து 21 வயது வரை இருப்பான். அப்பத்திரங்கள் உணவு, உடை, எழுத்தறிவு ஆகியவற்றை வரையறுக்கும். தொழில் நுட்பத்தையோ 'கலையும் மறைபொருளும்' என்னும் பொதுத்தொடரால் சுட்டி அமைந்துவிடும். ஏழாண்டுப் பயிற்சி முழுவதும் அந்தத் தொடருக்குள் அடங்கிக்கிடக்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இத்தொழில் தளர்ந்தது. தொழிற்சாலைத் துப்பாக்கிகளும் உலோகத் தோட்டாக்களும் வந்தபின் வாய்ப்புறம் கெட்டிக்கும் ரைஃபிளை நாடுவோர் அருகினர். டென்னசி, வர்ஜீனியா மலைப்பகுதிகளில் ஹேக்கர் மார்ட்டின் போன்ற ஓரிருவரிடம் மட்டும் பழைய மரபின் இழை எஞ்சியது. 1924இல் டில்லின் என்பார் 'கென்டக்கி ரைஃபிள்' என்னும் நூலை வெளியிட்டார். 1933இல் வாய்ப்புறம் கெட்டிக்கும் துப்பாக்கியாளர்க்கெனத் தேசியச் சங்கம் ஒன்று தோன்றியது. ஜோ கிண்டிக் 1960இல் வெளியிட்ட பெருநூல் இத்துப்பாக்கிகளை வட்டாரப் பாணிகளாகப் பகுத்துக் காட்டியது. லங்காஸ்டர் பகுதிக் கட்டையின் கீழ்வரையும் மேல்வரையும் நேர்கோடாக ஓடுவதும், லீஹை பகுதிக் கட்டை வளைந்து இறங்குவதும் பேச்சுமொழியின் வட்டார வழக்குப் போலவே ஊர்காட்டி நிற்பவை.

இந்நூல்களைப் படித்த உழவர், தச்சர், பள்ளி ஆசிரியர் எனப் பலரும் தம் வீட்டுக் கொட்டகையில் ரைஃபிள் செய்யத் தொடங்கினர். அவர்களுக்கு ஆசான் இல்லை. பழைய துப்பாக்கியின் ஒளிப்படமே ஆசான். இந்நிலையை உ.வே.சாமிநாதையரின் நிலையோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க (1887) முற்பட்ட அவருக்குச் சமண மரபு விளங்காதபோது, கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களிடம் சென்று கேட்க முடிந்தது. கொட்டகையில் பலகையோடு நின்றவருக்குக் கேட்பதற்குப் பெரும்பாலும் எவருமில்லை.

செதுக்கும் முறை

பயிற்சியில்லாதவர் பிழை எங்கே நுழைகின்றது என்பதை அறியச் செய்முறையைச் சற்று விரிவாகக் காணவேண்டும்.

கட்டைக்கான பலகை ஏறத்தாழ 5 அடி நீளமும் 2½ அங்குலத் தடிமனும் உடையது. ஐரோப்பியர் வால்நட் மரத்தை விரும்பினர். அமெரிக்காவில் மேபிள் அவ்விடத்தைப் பெற்றது. அலையலையாக நார் ஓடும் மேபிளே சிறப்புடையதாகக் கருதப்பட்டது. அழகு தரும் அந்த அலையே வேலைக்கு இடையூறும் ஆகும். நார் மேலும் கீழுமாக ஏறி இறங்குவதால் இழைப்புளி ஓரிடத்தில் வழுக்கி அடுத்த இடத்தில் மரத்தைப் பிய்த்துவிடும். எனவே இறுதி நிலையில் அரத்தையும், எஃகுத் தகட்டால் ஆன சுரண்டியையுமே நம்பவேண்டும்.

முதலில் செய்வது வெளிவடிவம் அன்று. எண்கோணக் குழல் படியும் பள்ளத்தை வெட்டுவதே முதல் வேலை. விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துக் குழலில் பூசி, பள்ளத்தில் வைத்து எடுத்தால் மரம் தடுக்கும் இடங்களில் கருமை ஒட்டும். ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் சீவி மீண்டும் வைத்துப் பார்க்கவேண்டும். இது நூறுமுறை நிகழலாம். அடுத்து, மருந்தையும் குண்டையும் உள்ளே தள்ளி இறுக்கும் கோலுக்கான நீண்ட துளை குழலுக்குக் கீழே இடப்படும். குழல் பள்ளத்திற்கும் இத்துளைக்கும் இடையே நிற்கவேண்டிய மரம் ஏறத்தாழ அரைக்கால் அங்குலம். அதன்பின் பொறி, பற்றுவாய்க்கு நேராக அமையுமாறு பதிக்கப்படும். விசையும் அடிக்கட்டையின் பித்தளைத் தகடும் அதனையடுத்துப் பொருத்தப்படும். இத்தனையும் முடிந்தபின்னரே புறவடிவம் தொடங்கும்.

பிழையின் வித்து இங்கேயே விழுந்துவிடுகின்றது. துளைக்கருவி பிசகிக் குழல் பள்ளத்திற்குள் புகுந்துவிடுமோ என அஞ்சுகின்ற புதியவர், துளையைச் சற்றுத் தாழ்த்தி இடுகின்றார். அரைக்கால் அங்குலம் கால் அங்குலம் ஆகின்றது. துளை தாழ்ந்தால் முன்கட்டையின் கீழ்வரையும் தாழ்ந்தே தீரும். அவ்வரையோடு சேர்ந்து விசைக்கூடும் கழுத்தும் பருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் கொண்ட அச்சம் கட்டை முழுவதையும் பருக்கச் செய்துவிடுகின்றது.

புறவடிவம் கொணரும் முறை சிற்பநூல் பயின்றோர்க்குப் புதிதன்று. சதுரத்தின் முனைகளைச் சீவி எண்முகமாக்கி, அதன் முனைகளைச் சீவிப் பதினாறு முகமாக்கி, பின் உருட்டுவர். இலிங்கத்தின் அடி சதுரமாகவும் நடு எண்முகமாகவும் மேல் வட்டமாகவும் அமைவதில் கல்லுளி கடந்த அதே படிநிலைகளைக் காணலாம். தட்டையான முகங்களைக் கண் எளிதில் அளக்கும், வளைவை அளக்காது. ஆதலால் முகங்கள் ஒழுங்காக இருக்கும்வரை உருட்டலாகாது என்பது விதி. புதியவர் பெரும்பாலும் இவ்விதியை மீறி முதலிலேயே முனைகளை மழுக்கிவிடுகின்றார். கட்டை உருண்டு மென்மையாகத் தோன்றியவுடன் வேலை முடிந்ததாக மயங்குகின்றார். தடிமன் அப்படியே நிற்கின்றது.

பக்கத்தோற்றமும் மூன்றாம் அளவும்

மரம் மிஞ்சுவதற்கு அச்சம் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. எடுத்த மரத்தை மீண்டும் ஒட்டமுடியாது. பட்டறைச் சிறுவன் கெடுத்தால் கெடுவது ஆசானின் மரம். அடுத்த பலகை கொட்டிலில் கிடக்கும். கொட்டகைத் தொழிலருக்கோ இருப்பது ஒரே பலகை, அதுவும் பெருவிலை கொடுத்து வாங்கியது. ஆயினும் அச்சம் மட்டுமே காரணமாயின் பிழை எல்லாத் திசையிலும் ஒத்திருக்கவேண்டும். அவ்வாறு இல்லை என்பதே கருதத்தக்கது. இம்மறுமலர்ச்சியின் தொடக்கக் காலக் கட்டைகளைப் பக்கவாட்டில் நோக்கினால் பல பழைய வடிவத்தை ஏறத்தாழ ஒத்துள்ளன. மேலிருந்து நோக்கும்போதே வேறுபாடு வெளிப்படுகின்றது. பொறியைச் சூழ்ந்த மரக்கரை அகன்று நிற்கும். கழுத்து உருளைபோல் தடித்திருக்கும். குழலின் இருமருங்கும் ஏட்டின் ஓரம்போல் மெலிந்து முடியவேண்டிய முன்கட்டை, தடித்த விளிம்போடு நிற்கும்.

இதற்கு விடை அவர்கள் கற்ற மூலத்தில் உள்ளது. ஒளிப்பட நூல்கள் துப்பாக்கியைப் பக்கவாட்டில் கிடத்தியே காட்டின. பக்கத்தோற்றம் நீளத்தையும் உயரத்தையும் தரும், அகலத்தைத் தராது. குழலின் வடிவம் பற்றிய மயக்கமும் இதனோடு சேர்ந்தது. பழைய குழல்கள் பல அடியில் தடித்து, இடையில் ஒடுங்கி, வாயருகே மீண்டும் சிறிது விரிபவை. படத்தில் அந்நெளிவு புலப்படாது. எனவே முதல் தலைமுறையினர் பலர் ஒரே தடிமனாக ஓடும் நேர்க்குழலையே கொண்டனர். அக்குழலைத் தழுவிய கட்டையும் பருத்தது. இக்கட்டுரையாளரும் இத்துப்பாக்கிகளைப் படங்களிலும் படச்சுருளிலுமே கண்டவர். கட்டை இவ்வளவு மெல்லியது என்பதை அளவுகளைப் படித்த பின்னரே நம்பமுடிந்தது என்பதை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி இப்பிழையைப் பின்னோக்கிப் படிக்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டுப் பட்டறையிலும் பக்கத்தோற்றத்தைப் பலகையிலோ தாளிலோ வெட்டிய அச்சாகத் தந்துவிட முடியும். அச்சு வழியே அது ஊர் கடக்கலாம், தலைமுறை கடக்கலாம். படத்தையே ஆசானாகக் கொண்டவர்களும் அதனைச் சரியாகப் பெற்றனர் என்பது இதற்குச் சான்று. அவர்கள் பெறத் தவறியது எதுவோ அதுவே அச்சில் அடங்காதது. ஏழாண்டு ஒப்பந்தம் கற்பித்தது அதையே எனக் கொள்ளலாம். சிறுவன் ஆசான் செய்த கட்டையை நாள்தோறும் தூக்கினான், துடைத்தான், அதன் கழுத்தைப் பற்றினான். எவ்வளவு தடிமன் சரி என்பது அவன் உள்ளங்கையில் இருந்தது. மைக்கேல் போலானி தம் 'சொல்லப்படாத பரிமாணம்' (1966) என்னும் நூலில், நாம் சொல்லக்கூடியதினும் மிகுதியாக அறிந்திருக்கின்றோம் என்னும் கருத்தை நிறுவினார். அவ்வாறு சொல்லப்படாதது எது என்பதை வரலாற்றில் இனங்காண்பது அரிது. மிஞ்சிய மரம் அதனை அங்குலக் கணக்கில் காட்டுகின்றது.

இப்பிழை திருந்திய வரலாறும் இதனை உறுதிப்படுத்துகின்றது. வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் வரலாற்று நகரில் 1960களில் துப்பாக்கிப் பட்டறையை நடத்திய வாலஸ் கஸ்லர் பழைய துப்பாக்கிகளைக் கையில் எடுத்து நுணுகி ஆராய்ந்தே கற்றவர். இரும்பை அடித்துக் குழலாக்குவது முதல் கட்டை செதுக்குவது வரை அவர் ஒருவரே செய்வதை 1969இல் வெளிவந்த படம் பதிவு செய்தது. ஜார்ஜியா மாநிலப் பள்ளி மாணவர்கள் நாட்டுப்புறத் தொழில்களைத் திரட்டிய 'ஃபாக்ஸ்ஃபயர்' வரிசையின் ஐந்தாம் தொகுதி (1979) மலைநாட்டு ரைஃபிள் செய்வோரை நேரில் கண்டு எழுதியது. ஜார்ஜ் ஷம்வே 1980இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட நூல் காலனியக் கால ரைஃபிள்களைப் படங்களோடு அளவுகளையும் சேர்த்துத் தந்தது. மூல மரபில் கை பயின்றதை இங்கே அளவுகோலும் படக்கருவியும் ஈடுசெய்தன. 1996இல் சமகால ரைஃபிள் கலைஞர்க்கெனத் தனிச் சங்கம் அமைந்தபோது, முதல்தரக் கலைஞரின் கட்டையும் பழைய கட்டையும் அருகருகே வைத்து நோக்கத்தக்கனவாய் இருந்தன. தொடக்கநிலையாளருக்கு இன்றும் முதலில் கூறப்படும் அறிவுரை, 'இன்னும் மரம் எடு' என்பதே.

ஒரு மறுப்பு

இவ்வாய்வு பொருளின் அழகில் தோய்ந்து அதன் பயனை மறக்கின்றது எனக் கூறப்படலாம். அக்கூற்றில் நியாயம் உண்டு. கிறிஸ்டியன்ஸ் ஸ்பிரிங் பட்டறை எழுந்த அதே 1763ஆம் ஆண்டு டிசம்பரில், லங்காஸ்டர் பகுதியில் எவருக்கும் தீங்கிழைக்காது வாழ்ந்த கொனஸ்டோகா பழங்குடியினர் 20 பேரை எல்லைப்புறக் குடியேறிகள் கொன்றனர். மொராவிய சபையைச் சேர்ந்த லெனாபே மக்களைப் பாதுகாப்புக் கருதி அதே காலத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தது. பழங்குடியினரும் ரைஃபிளை விரும்பி வாங்கினர். பழுதுபார்க்க வெள்ளையர் பட்டறைகளை நாடினர். எனவே இக்கட்டையைக் குடியேறிகளின் தனிச்சொத்தாகவோ விடுதலை உணர்வின் சின்னமாகவோ மட்டும் காட்டும் மறுமலர்ச்சியாளரின் எழுத்துகளை ஐயத்துடனேயே படிக்கவேண்டியுள்ளது. கழுத்தின் தடிமனை அறிந்த உள்ளங்கைகள் பல இனத்தாருடையவை. செதுக்கியவர் பெயர் குழலின்மீது இருக்கும். பற்றியவர் பெயர் பெரும்பாலும் எங்கும் இராது.

எஞ்சும் பணி

கணினிவழி இயங்கும் செதுக்குபொறிகள் இப்பொழுது வந்துவிட்டன. கைதேர்ந்தவர் வகுத்த வடிவத்தை அவை அப்படியே மேபிளில் வெட்டித் தருகின்றன. புதியவர் சுரண்டியால் மெருகேற்றி, இரும்பைக் கரைத்த நைட்ரிக் அமில நீரைப் பூசிச் சூடுகாட்டி, ஆளிவிதை எண்ணெய் வார்னிஷ் இட்டால் போதும். முன்கட்டை விளிம்பு வேண்டிய அளவுக்கு மெலிந்தே வருகின்றது. மரத்தை மிச்சம் வைக்கும் வாய்ப்பே குறைந்துவிட்டதால், இவ்வகைப் பிழையைப் புதிய கட்டைகளில் இனி மிகுதியாகக் காண இயலாது.

ஆகவே 1930களிலிருந்து 1970கள் வரை கொட்டகைகளில் செய்யப்பெற்ற முதற்கட்டைகள் தனிக் கவனத்திற்குரியவை. அவை அருங்காட்சியகப் பேழைக்குரிய அழகுடையன அல்ல. செய்தவர் மறைந்தபின் வீட்டார் எளிதில் கைகழுவக்கூடியவை. பொறியின் முன்முனையில் கட்டையின் அகலம், கழுத்தின் நடுவில் அகலம், குழல் பள்ளத்திற்கும் கோல்துளைக்கும் இடைப்பட்ட மரம் ஆகிய மூன்று அளவுகளை ஒவ்வொன்றிலும் எடுத்து, செய்த ஆண்டோடும் செய்தவர் கண்ட நூலோடும் சேர்த்து அட்டவணைப்படுத்தினால், எந்த ஆண்டில் எந்த வழியாக உள்ளங்கையின் அறிவு மீண்டும் வந்து சேர்ந்தது என்பதை வரிசைப்படுத்த இயலும். மூன்றாவது அளவை எடுப்பதற்குக் குழலைக் கட்டையிலிருந்து கழற்றவேண்டியிருக்கும். உரிமையாளர் இசைவு தருவது அதைப் பொறுத்ததே.